ஃபியூல் செல்லில் உலோகத்தை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் வைப்பது

ஃபியூல் செல்லுக்குப் பிளாஸ்டிக் புதுச் சரக்கு அல்ல. மின்சாரம் பிறக்கும் இடமான சவ்வே ஒரு பிளாஸ்டிக்தான். 1965-ல் ஜெமினி 5 விண்கலத்துக்கு மின்சாரம் தந்த செல்களில் பாலிஸ்டைரீன் வகைச் சவ்வு இருந்தது. அதன் ஆயுள் குறைவு. பிற்பாடு டூபாண்ட் நிறுவனத்தின் நாஃபியான் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இந்த அத்தியாயத்தில் சவ்வைப் பற்றிப் பேசப் போவதில்லை. அதைச் சுற்றி நிற்கும் அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பித்தளை ஆகியவற்றில் எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது, எடுத்த இடத்தில் எந்தப் பிளாஸ்டிக்கை வைப்பது என்பதுதான் பேச்சு.

ஒரு வரையறையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவது சவ்வு வகை ஃபியூல் செல்களை மட்டும். காரிலும் பஸ்ஸிலும் இருப்பவை, 60 முதல் 80 டிகிரி செல்சியஸில் ஓடுபவை. பீங்கான் வகைச் செல்கள் 600 டிகிரிக்கு மேல் ஓடுகின்றன. அங்கே எந்தப் பிளாஸ்டிக்குக்கும் வேலை இல்லை.

முதல் காரணம் எடை அல்ல

"எடை குறையும், விலை குறையும்" என்று சொல்லித்தான் பெரும்பாலோர் உலோகத்தை மாற்றக் கிளம்புகிறார்கள். இரண்டும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். கீழே ஒரு கணக்கு வருகிறது, பாருங்கள். உண்மையில் பிளாஸ்டிக்கை இங்கே கொண்டுவருவது அயனிப் பிரச்சினை.

சவ்வுக்குள் சல்ஃபோனிக் அமிலக் குழுக்கள் இருக்கின்றன. புரோட்டான்கள் அவற்றைப் பிடித்துப் பிடித்துத்தான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகின்றன. இரும்பு, தாமிரம், நிக்கல், குரோமியம் போன்ற உலோக அயனிகள் நீரோடு வந்தால் அந்த இடங்களில் உட்கார்ந்துகொள்ளும். புரோட்டானை விட இறுக்கமாக ஒட்டுவதால் எழுந்து போகவும் செய்யாது. சவ்வின் கடத்தும் திறன் குறையும், செல்லின் மின்னழுத்தம் இறங்கும். இரும்பு இன்னொரு கேட்டையும் செய்கிறது. செல்லுக்குள் சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடு எப்போதும் உண்டாகிக்கொண்டிருக்கும். இரும்பு அயனி அதோடு சேர்ந்து ஹைட்ராக்சில் ரேடிக்கலை உண்டாக்குகிறது. ஃபென்டன் வினை என்று வேதியியலில் படித்தது இதுதான். அந்த ரேடிக்கல் சவ்வின் சங்கிலியையே அறுக்கும். வெளியேறும் நீரில் ஃபுளூரைடு கூடிக்கொண்டே போனால் சவ்வு கரைகிறது என்று பொருள்.

இந்த இரும்பும் நிக்கலும் எங்கிருந்து வருகின்றன? குழாய், ஃபிட்டிங், மேனிஃபோல்டு, பம்பு உடல் இவற்றிலிருந்துதான். செல்லிலிருந்து வரும் நீர் தாது எதுவும் இல்லாத வெறும் நீர், லேசாக அமிலத்தன்மையும் உள்ளது. அப்படிப்பட்ட நீருக்கு உலோகத்தைக் கரைக்கும் பசி அதிகம்.

கூலண்ட் பக்கம் சங்கதி வேறு. ஒரு செல் ஓடும்போது தருவது சுமார் 0.65 வோல்ட். அதனால்தான் நூற்றுக்கணக்கில் அடுக்க வேண்டியிருக்கிறது. டொயோட்டா மிராயின் முதல் தலைமுறையில் 370 செல்கள், இரண்டாவதில் 330. ஆக, அடுக்கின் இரு முனைகளுக்கும் இடையே இருநூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அதே கூலண்ட்தான் எல்லாச் செல்களுக்கு உள்ளும் புகுந்து வருகிறது. அது மின்சாரத்தைக் கடத்தினால் அடுக்கின் மின்சாரம் கூலண்ட் வழியே கசியும். முனையில் இருக்கும் உலோக ஃபிட்டிங் மின்பகுப்பில் அரிக்கும். அரிப்பில் வந்த அயனி கடத்தலை இன்னும் கூட்டும். இந்தச் சுழலை அறுக்கத்தான் கூலண்டின் மின்கடத்தலைப் பொதுவாக செ.மீ.க்கு 5 மைக்ரோசீமென்ஸ் அளவிலேயே பிடித்து வைக்கிறார்கள். அதற்காகச் சுற்றில் ஒரு அயனி வடிகட்டியும் வைக்கிறார்கள். உலோகப் பரப்பு குறையக் குறைய அந்த வடிகட்டி சிறிதாகும், மாற்றும் இடைவெளி நீளும். பிளாஸ்டிக்குக்குக் கொடுத்த காசு திரும்பி வருவது பெரும்பாலும் இங்கேதான்.

"முழுச் சுற்றும் பிளாஸ்டிக்" என்று யாராவது விற்க வந்தால் ரேடியேட்டரை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். சாதாரணப் பிளாஸ்டிக்கின் வெப்பக் கடத்தல் மீட்டர்-கெல்வினுக்கு 0.2 முதல் 0.3 வாட், அலுமினியத்துடையது 200 வாட் அளவில். வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய இடத்தில் உலோகம்தான் நிற்க முடியும். பிரேஸிங் செய்த ரேடியேட்டரில் ஒட்டியிருக்கும் ஃபிளக்ஸ் மிச்சமும் அயனி கக்கும். பொருத்துவதற்கு முன் சூடான சுத்த நீரை ஓடவிட்டுக் கழுவியே தீர வேண்டும்.

எங்கே தொடங்குவது

செல் அடுக்கின் முனையில் காற்று, ஹைட்ரஜன், கூலண்ட் மூன்றையும் பிரித்து உள்ளே அனுப்பி, திரும்பி வருவதைச் சேர்த்து வெளியே எடுக்கும் ஒரு கட்டை இருக்கிறது. பல கம்பெனிகளில் அதை மீடியா பிளேட் என்கிறார்கள். பிளாஸ்டிக்குக்கு மாற்ற இதைவிடப் பொருத்தமான பாகம் வேறில்லை. அலுமினியத்தில் செய்தால் வார்த்து, கடைந்து, துளை போட்டு, ஆனோடைஸ் செய்ய வேண்டும்; ஆனோடைஸ் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் அரிப்பு அங்கிருந்தே ஆரம்பிக்கும். பிளாஸ்டிக்கில் செய்தால் வளைந்த வழிகள், சென்சார் உட்காரும் குழி, ஹோஸ் மாட்டும் மூக்கு எல்லாமே ஒரே மோல்டில் வந்துவிடும். தனியாக மின்காப்பும் வேண்டாம். இரண்டு பாதியாக மோல்டு செய்து வெல்டிங்கில் சேர்ப்பது வழக்கம். வைப்ரேஷன் வெல்டிங் மலிவுதான், ஆனால் உரசலில் பொடி உதிரும். அந்தப் பொடி வாயு வழிகளில் போய் அடைக்கும். இன்ஃப்ராரெட் வெல்டிங்குக்குச் செலவு கூடுதல். இந்த வேலைக்கு அதையே நான் சொல்வேன்.

அடுத்தது துளைகளின் உறை. மின்சாரத்தை வெளியே எடுக்கும் தாமிரத் தகட்டை மாற்ற வழியே இல்லை. ஆனால் அதைத் துளைத்துக்கொண்டு போகும் நீர் வழியிலும் காற்று வழியிலும் ஒரு பிளாஸ்டிக் புஷ் வைத்துவிட்டால் தாமிரத்தில் ஈரம் படாது. சிறிய பாகம், மலிவான மோல்டு, பெரிய பலன். புதிதாக இந்தத் துறைக்குள் வரும் மோல்டிங் பட்டறை இதிலிருந்து தொடங்கலாம்.

பம்பு உடல், ஹியுமிடிஃபையர் உறை, நீர் பிரிப்பான், வால்வு உடல் ஆகியவை ஏற்கெனவே பிளாஸ்டிக்குக்கு நகர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் விளக்கிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை.

எண்ட் பிளேட்: கணக்கைப் போட்டுப் பார்க்கவும்

அடுக்கின் இரு முனைகளிலும் கனமான தகடு வைத்துப் போல்ட்டால் அல்லது பட்டையால் இறுக்குவார்கள். செல்லின் மேல் சீரான அழுத்தம் விழ வேண்டும். ஒரு மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். செல்லின் பரப்பு 300 சதுர செ.மீ. என்றால் 30,000 நியூட்டன், அதாவது மூன்று டன் எடை. இந்தச் சுமையில் தகடு நடுவில் வளைந்தால் ஓரத்துச் செல்கள் நசுங்கும், நடுவில் தொடர்பு தளரும்.

அலுமினியத்தின் விறைப்பு 70 ஜிகாபாஸ்கல். 40 சதவீதம் கண்ணாடி இழை சேர்த்த பிபிஎஸ் (பாலிஃபினைலீன் சல்ஃபைடு) பிளாஸ்டிக்குக்குச் சுமார் 14. ஐந்தில் ஒரு பங்கு. வளைவுக்கு எதிரான விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால் தடிமனை ஐந்து மடங்காக்கத் தேவையில்லை. ஐந்தின் கனமூலம் 1.71. ஆக 20 மி.மீ. அலுமினியத்துக்கு ஈடாக 34 மி.மீ. பிபிஎஸ் வேண்டும். இப்போது எடையைப் பாருங்கள். 100 சதுர செ.மீ. துண்டு எடுத்தால் அலுமினியம் 540 கிராம், பிபிஎஸ் சுமார் 560 கிராம். எடையில் ஒரு கிராம்கூட மிச்சமில்லை, சற்றுக் கூடவே போகிறது. போதாததற்கு 34 மி.மீ. தடிமனான கட்டியை மோல்டு செய்தால் உள்ளே வெற்றிடம் விழும்.

எனவே அலுமினியத் தகட்டின் வரைபடத்தை அப்படியே எடுத்துப் பொருளை மட்டும் மாற்றுவது வீண் வேலை. பிளாஸ்டிக்கில் போவதென்றால் விலா எலும்பு போல ரிப் ஓடும் வடிவத்துக்குத்தான் போக வேண்டும்: மெல்லிய சுவர், ஆழமான ரிப், சுமை போகும் திசையில் அடர்த்தி. அப்போதுதான் எடை இறங்கும். பெரிய அடுக்குகளுக்கு எனக்குப் பிடித்தது கலப்பு வடிவம்: உள்ளே எஃகு எலும்பு, அதன் மேல் முழுக்கப் பிளாஸ்டிக் போர்வை. சுமையை எஃகு தாங்கும். நீரும் மின்சாரமும் அதைத் தொடாது.

காலப்போக்கில் தளர்வதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தொடர்ந்த சுமையில் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல இணங்கிக் கொடுக்கும். 80 டிகிரியில் இன்னும் வேகமாக. போல்ட்டின் இறுக்கம் போய்விடும். டிஸ்க் ஸ்பிரிங் வைத்தால் தளர்வை அது வாங்கிக்கொண்டு சுமையைக் கிட்டத்தட்ட ஒரே அளவில் வைத்திருக்கும். ஸ்பிரிங் இல்லாத பிளாஸ்டிக் எண்ட் பிளேட் வடிவமைப்பைக் கண்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இத்தனை தொல்லைக்கும் கைமேல் ஒரு லாபம் உண்டு. குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது உலோக எண்ட் பிளேட் பக்கத்துச் செல்களின் சூட்டை உறிஞ்சிவிடும். முனைச் செல்கள் சூடேறாமல் பின்தங்கும், உறைநிலைக்குக் கீழே என்றால் உள்ளே நீர் உறையும். பிளாஸ்டிக் அந்தச் சூட்டை வெளியே விடாது. லடாக்கில் ஓட வேண்டிய பஸ்ஸுக்கு இது பெரிய விஷயம்; சென்னையில் ஓடுவதற்கு அவ்வளவாக இல்லை.

பைபோலார் தகட்டில் கை வைக்கலாமா

செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே நிற்கும் இந்தத் தகடு மின்சாரத்தைக் கடத்த வேண்டும். அமெரிக்க எரிசக்தித் துறை வைத்த இலக்கு செ.மீ.க்கு 100 சீமென்ஸ். பிளாஸ்டிக்கோ மின்காப்பான். எடையில் முக்கால் பங்குக்குக் கிராஃபைட் தூளைத் திணித்து, மீதியை வினைல் எஸ்டரோ பாலிபுரோபிலீனோ பிபிஎஸ்ஸோ பிணைத்து நிற்கும்படி செய்தால் கடத்தும். அப்படிப்பட்ட தகடுகள் இருக்கின்றன, நன்றாகவும் ஓடுகின்றன. அரிப்பு இல்லை, அயனி இல்லை. ஆனால் உலோகத் தகட்டை 0.1 மி.மீ. தகடாக அழுத்தி எடுக்கலாம். கிராஃபைட் கலவையை அத்தனை மெலிதாக்கினால் உடையும், ஹைட்ரஜனும் கசியும். நூற்றுக்கணக்கான செல்களில் இந்தத் தடிமன் வித்தியாசம் கூடிக்கூடி அடுக்கின் நீளத்தையே பெரிதாக்கிவிடும். டொயோட்டா மிராயில் டைட்டானியம் வைத்ததன் பின்னணியில் இதுவும் ஒன்று. ஓரிடத்தில் நின்று வேலை செய்யும் ஜெனரேட்டருக்குக் கிராஃபைட் கலவை சரி. காருக்கு என்றால் இந்தத் தகட்டை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்.

எந்த ரெசின்

நைலான் 66 எல்லாப் பட்டறையிலும் கிடைக்கும், விலையும் கட்டுப்படியாகும், ஆகவே முதலில் கை அதற்குத்தான் போகும். உலர்ந்த இடத்தில் தாராளமாக வைக்கலாம். ஈரமான இடத்தில் வேண்டாம். நீரில் ஊறினால் தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் குடித்துவிடும். அளவு மாறும், விறைப்பு விழும். இதைப் பலரும் அறிவார்கள். பலர் அறியாதது வேறொன்று. "ஹீட் ஸ்டெபிலைஸ்டு" என்று கூடுதல் விலைக்கு விற்கும் நைலான் கிரேடுகள் பலவற்றில் சூடு தாங்குவதற்காகச் சேர்ப்பது காப்பர் அயோடைடு. காரின் என்ஜின் அறைக்கு அது அருமையான சரக்கு. ஃபியூல் செல்லுக்கோ தாமிரமும் அயோடைடும் சேர்ந்த நஞ்சு. உலோகத்தை எடுத்துவிட்டு அதே உலோகத்தைத் தூளாக உள்ளே அனுப்பியதாகிவிடும். பிபிஏ வகை நைலான்களிலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். பிபிஏ நீரைக் குறைவாகக் குடிக்கும், சூட்டையும் நன்றாகத் தாங்கும். மின்கடத்தல் குறைந்த தனிக் கிரேடுகளும் விற்பனைக்கு உண்டு.

பிபிடி, பாலிகார்பனேட் இரண்டையும் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். சூடான நீர் அவற்றின் எஸ்டர், கார்பனேட் இணைப்புகளை வெட்டும். ஆறு மாதம் நன்றாக நின்று, பிறகு ஒரு நாள் பிஸ்கட் போல உடையும்.

நீர் படும் பெரும்பாலான பாகங்களுக்கு என் பரிந்துரை பிபிஎஸ். உருகுநிலை சுமார் 280 டிகிரி, நீர் குடிப்பது மிகமிகக் குறைவு, 200 டிகிரிக்குக் கீழே அதைக் கரைக்கும் கரைப்பான் எதுவும் அறியப்படவில்லை. கண்ணாடி இழை சேர்த்த பிபிஎஸ் பாகத்தை மேசையில் போட்டால் உலோகம் போல் கிணுங்கென்று ஓசை கேட்கும். தரக்கட்டுப்பாட்டுக்காரர்கள் சிலர் அந்த ஓசையை வைத்தே வேறு பொருள் கலந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். குறைகளும் உண்டு. மொறுமொறுப்பான பொருள், கூர்மையான உள்மூலை வைத்தால் அங்கேயே விரியும். பெயரிலேயே கந்தகம் இருக்கிறதே, கந்தகம் செல்லின் வினையூக்கியான பிளாட்டினத்துக்கு ஆகாதே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஹைட்ரஜனின் தரத்துக்கான ஐஎஸ்ஓ 14687, மொத்தக் கந்தகத்தை நூறு கோடியில் 4 பங்குக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஆனால் பிபிஎஸ்ஸின் கந்தகம் சங்கிலிக்குள் கட்டுண்டது. 80 டிகிரியில் வெளியே வராது. மோல்டிங்கில் அதிகமாகச் சூடேற்றினால்தான் கந்தக வாயு கிளம்பும். மெஷின் பக்கம் மூக்கைப் பிடிக்க வைக்கும் நாற்றம் வந்தால் அந்த லாட்டை இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள்.

பிபிஎஸ்ஸுக்கு மோல்டு 135 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். அம்பத்தூரிலும் ஓசூரிலும் பல பட்டறைகளில் மோல்டைச் சூடாக்குவது சுடுநீர் யூனிட்தான். அது 90 டிகிரியோடு நின்றுவிடும். அப்படிச் செய்த பாகம் பார்க்கச் சரியாகவே இருக்கும், அளவும் வரைபடத்தோடு பொருந்தும். ஆனால் மேல்தோல் படிகமாகாமல் நிற்கும். வண்டியில் போய்ச் சூடேறியதும் மிச்சப் படிகமாதல் நடந்து பாகம் சுருங்கும், ஓ-ரிங் உட்காரும் முகம் கோணும். ஆயில் ஹீட்டரோ கார்ட்ரிட்ஜ் ஹீட்டரோ இல்லாத பட்டறைக்கு பிபிஎஸ் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

பீக்கும் பிபிஎஸ்யூவும் இன்னும் நல்லவைதான். விலையைக் கேட்டால் அவை எங்கே தேவை என்பது தானாகவே தெரிந்துவிடும்.

சின்னச் சாமான்கள்

நல்ல ரெசினைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஒரு பித்தளை இன்சர்ட்டில் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. பித்தளையில் தாமிரமும் துத்தநாகமும். ஈரம் படும் இடத்தில் இன்சர்ட்டே வேண்டாம்; போல்ட்டை மறுபக்கம் வரை ஊடுருவ விட்டு, உலர்ந்த பக்கத்தில் நட் போடலாம். முடியாவிட்டால் 316 ஸ்டெயின்லெஸ், அதுவும் அடிப்பக்கம் மூடியதாக.

ஹோஸும் ஓ-ரிங்கும் ஈபிடிஎம் ரப்பர் என்று சொன்னால் போதாது. கந்தகம் போட்டுப் பதப்படுத்தியதா, பெராக்சைடு போட்டதா என்று கேளுங்கள், பெராக்சைடு மட்டும். சிலிகான் ரப்பர் அமிலச் சூழலில் சிதைந்து சிலிக்கானைக் கொடுக்கும். பட்டறைகளில் பாகம் ஒட்டாமல் இருக்க அடிக்கும் சிலிகான் ஸ்பிரேக்கும் இதே கதை. அந்த டப்பாவை மெஷின் பக்கத்திலிருந்தே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

நிறம் வேண்டாம், இயற்கை நிறமே போதும். கறுப்பு மாஸ்டர்பேட்ச்சின் கார்பன் பிளாக்கில் கந்தகமும் சாம்பலும் இருக்கலாம். ரன்னரை அரைத்துத் திரும்பப் போடுவதும் கூடாது. கண்ணாடி இழை அரவை இயந்திரத்தின் பிளேடைத் தேய்க்கும்; தேய்ந்த இரும்பு உங்கள் பாகத்துக்குள் போகும். மோல்டிங் பட்டறையில் இதற்கு முகம் சுளிப்பார்கள், அரைத்ததைப் போடுவதில்தான் அவர்களுக்கு மிச்சம். முதலிலேயே விலையில் பேசி முடித்துக்கொள்வது நல்லது.

ஹைட்ரஜன் சிலிண்டர் தனி அத்தியாயத்துக்குரிய விஷயம். இங்கே இவ்வளவு போதும்: 700 பார் தாங்கும் நான்காம் வகைச் சிலிண்டரில் சுமையைத் தாங்குவது கார்பன் இழை, உள்ளே வாயுவைப் பிடித்து வைப்பது நைலான் அல்லது பாலிஎத்திலீன் லைனர். ஈரம் இல்லாத இடம் என்பதால் அங்கே நைலான் நியாயமான தேர்வு. அங்கே கவலைப்பட வேண்டியது அயனியைப் பற்றி அல்ல, மைனஸ் 40 டிகிரியில் நிரப்பும்போது உடையாமல் இருப்பதைப் பற்றி.

ஊறவைத்துப் பார்க்கும் சோதனை

டேட்டா ஷீட்டில் இழுவிசையும் உருகுநிலையும் இருக்கும். நீரில் என்ன கரையும் என்பது பெரும்பாலும் இருக்காது. அதை நீங்களே பார்க்கலாம், பெரிய செலவில்லை.

18 மெகாஓம் சுத்த நீர் வேண்டும். அதன் கடத்தல் செ.மீ.க்கு 0.055 மைக்ரோசீமென்ஸ். பாட்டில் கண்ணாடியாக இருக்கக் கூடாது, சூட்டில் கண்ணாடியே சோடியம் விடும். பிஎஃப்ஏ பாட்டில் நல்லது. பாட்டிலை அதே நீரில் ஒரு நாள் சூடாக ஊறவைத்துக் கொட்டிவிடுங்கள். மோல்டிலிருந்து வந்த பாகத்தையே, வெட்டாமல், கையுறை போட்டு எடுத்து உள்ளே வையுங்கள். வெட்டினால் உள்ளிருக்கும் கண்ணாடி இழை வெளியே தெரிந்து கணக்கு மாறும். வியர்வைக் கையால் தொட்டால் உப்பு ஏறும். ஒரு சதுர செ.மீ. பரப்புக்கு ஒரு மி.லி. நீர் என்ற விகிதத்தை எல்லாச் சோதனைக்கும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். மூடியை இறுக மூடி 90 டிகிரி அடுப்பில் வையுங்கள். பாகம் எதுவும் போடாத வெறும் நீர்ப் பாட்டில் ஒன்றும் கூடவே இருக்கட்டும். இதை விட்டுவிட்டால் சோதனையே வீண்: காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு கரைந்தாலே சுத்த நீரின் கடத்தல் ஒரு மைக்ரோசீமென்ஸ் பக்கம் ஏறிவிடும். அந்த ஏற்றத்தைப் பாவம் பிளாஸ்டிக் தலையில் கட்டிவிடுவீர்கள்.

முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு வாரம் ஒருமுறை ஆறவைத்து அளக்கவும். ஆறு வாரத்தில் ஆயிரம் மணி நேரம் ஆகும். எண்ணைவிட வரைபடத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். முதல் வாரத்தில் சட்டென்று ஏறி அப்புறம் படுத்துவிட்டால் மேற்பரப்பில் ஒட்டியிருந்த அழுக்கு. சூடான சுத்த நீரில் கழுவி அனுப்பினால் தீரும். நேர்க்கோடாக ஏறிக்கொண்டே போனால் ரெசினே கரைகிறது, அல்லது அதில் சேர்த்த மருந்து வெளியே வருகிறது. கழுவித் தீராது, கிரேடை மாற்றுங்கள். கடைசியில் அந்த நீரை ஐசிபி சோதனைக்கு அனுப்பி இரும்பு, தாமிரம், கால்சியம், சோடியம் எவ்வளவு என்று வாங்கிக்கொள்ளுங்கள். நீர் மஞ்சளாகவோ, குலுக்கினால் நுரையாகவோ, வாடையோடோ இருந்தால் கடத்தல் குறைவாக இருந்தாலும் நம்ப வேண்டாம். மின்சாரம் கடத்தாத கரிமப் பொருள்களும் பிளாட்டினத்தில் போய்ப் படியும். அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம் ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து பிளாஸ்டிக், பசை, கிரீஸ் எனப் பலவற்றை இப்படி ஊறவைத்து, அந்த நீரைச் செல்லிலேயே செலுத்திப் பார்த்தது. உங்களிடம் ஒற்றைச் செல் சோதனை வசதி இல்லாவிட்டால், தரமணி ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவிலுள்ள ஏஆர்சிஐயின் ஃபியூல் செல் மையம் போன்ற ஆய்வு நிறுவனங்களை அணுகிக் கேட்டுப் பார்க்கலாம்.

தேறிய கிரேடுக்கு ஆர்டர் எழுதும்போது கிரேடின் முழு எண், இயற்கை நிறம், அரைத்த சரக்கு கலக்காதது, தாமிர ஸ்டெபிலைஸர் இல்லாதது ஆகிய நான்கையும் எழுத்தில் போடுங்கள். சப்ளையர் சேர்மானத்தை மாற்றினால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு லாட்டிலும் ஒரு கிலோ குருணையைத் தேதி எழுதி மூடி வைத்து, புது லாட் வந்ததும் முதல் வாரச் சோதனையை மட்டும் திரும்பச் செய்து பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.